எந்தக் கேலன், எந்த அவுன்ஸ்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஒரு கேலன் எத்தனை லிட்டர் என்று கேட்டிருந்த வாசகருக்கு "3.785 லிட்டர்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்கள் மேசையின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. குறை என்னுடையதுதான், "அமெரிக்க" என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்த்திருந்தால் அவற்றில் பாதி வந்திருக்காது. அதற்குப் பிராயச்சித்தமாக இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் முகத்தலளவைக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. கேலனைக் "காலன்" என்று எழுதினால் என்ன என்று கேட்ட அன்பருக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: எழுதலாம், ஆனால் "வாசலில் இரண்டு காலன் வந்து இறங்கியது" என்று படிக்க நேரும் முதியவர்களை நினைத்துத்தான் தயங்குகிறேன்.

கேள்வி: ஐயா, தாங்கள் 3.785 என்று எழுதியுள்ளீர்கள். என்னிடமுள்ள பழைய கணக்குப் புத்தகத்தின் பின்னட்டை வாய்பாட்டில் 4.546 என்று அச்சிட்டிருக்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி, இரண்டும் வெவ்வேறு கேலன்கள். 3.785 லிட்டர் என்பது அமெரிக்காவில் வழங்கும் கேலன், 4.546 லிட்டர் என்பது பிரிட்டனின் இம்பீரியல் கேலன். பெயர் ஒன்றாகவும் அளவு வேறாகவும் இருப்பதற்குக் காரணம் இவ்விரண்டும் ஒரே வீட்டில் பிறந்து, பிறகு பிரிந்துபோனதுதான். பழைய இங்கிலாந்தில் திராட்சை மதுவுக்கு ஒரு கேலன், பீருக்கு ஒரு கேலன், தானியத்துக்கு ஒரு கேலன் என்று பொருளுக்கொரு கேலன் இருந்தது. அவற்றுள் மதுக் கேலன் 231 கன அங்குலம் என்று ஆன் அரசியின் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், சட்டம் வரையறுத்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் புழங்கி நிலைத்தது இந்தக் கேலன்தான். 1824-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பழைய கேலன்கள் அனைத்தையும் ஒழித்து, 62 பாரன்ஹீட் வெப்பநிலையில் பத்து பவுண்டு எடையுள்ள நீர் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதுவே இனிக் கேலன் என்று புதிதாக ஒன்றை நிறுவியது. அப்போது அமெரிக்கா தனிநாடாகி அரை நூற்றாண்டு ஆகியிருந்தபடியால் அந்தச் சட்டம் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. 1832-இல் அமெரிக்கக் கருவூலத்துறை பழைய 231 கன அங்குலத்தையே தன் கேலனாக வைத்துக்கொண்டது.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இம்பீரியல் கேலன் அமெரிக்கக் கேலனைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரியது என்பதால், அதன் திரவ அவுன்சும் பெரிதாகவே இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது. அமெரிக்கர் தங்கள் கேலனை 128 அவுன்சாகப் பிரிக்கிறார்கள். பிரிட்டிஷார் 160 ஆகப் பிரித்தார்கள். ஆகவே அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.57 மில்லி லிட்டர், இம்பீரியல் திரவ அவுன்ஸ் 28.41 மில்லி லிட்டர். கேலனில் சிறியவர் அவுன்சில் பெரியவராகிவிடுகிறார். கேலனில் எட்டில் ஒரு பங்கான பைன்டில் மீண்டும் நிலைமை மாறும்: அமெரிக்கப் பைன்ட் 16 அவுன்ஸ், 473 மில்லி லிட்டர், இம்பீரியல் பைன்ட் 20 அவுன்ஸ், 568 மில்லி லிட்டர். தங்கள் புத்தகம் பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றி அச்சிடப்பட்டது. அதைத் தூக்கிப் போட வேண்டாம். பின்னட்டையில் "இம்பீரியல்" என்று பென்சிலால் எழுதி வைத்தால் போதும்.

கேள்வி: 231 என்ற எண்ணை யார் கண்டுபிடித்தார்கள்? 200 என்றோ 250 என்றோ வைத்திருக்கலாமே?

பதில்: ஒரு காகிதத்தில் உருளை ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். அதன் உட்குறுக்களவு 7 அங்குலம், ஆழம் 6 அங்குலம். ஆரம் மூன்றரை, அதன் வர்க்கம் 12.25, அதை 22/7-ஆல் பெருக்கினால் 38.5, அதை ஆறால் பெருக்கினால், ஒரு துளி கூடாமலும் குறையாமலும், 231. ஆன் அரசி காலத்துச் சட்டமே இந்த உருளையைத்தான் சொல்கிறது: அடி சமமாகவும், முழுவதும் 7 அங்குலக் குறுக்களவும், 6 அங்குல ஆழமும் உள்ள வட்டப் பாத்திரம், அல்லது 231 கன அங்குலம் கொள்ளும் வேறெந்தப் பாத்திரமும். நாம் பள்ளியில் படித்த அதே 22/7 ஒரு தேசத்தின் அளவைச் சட்டத்துக்குள் ஒளிந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. 22/7 தோராயமாகக் குறிக்கும் பை (π) என்ற எண்ணின் உண்மை மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால் அந்த உருளை 230.9 கன அங்குலம்தான் கொள்ளும். வணிகர் யாரும் அதற்காக வழக்குத் தொடுத்திருக்க மாட்டார்கள்.

இங்கிருந்து லிட்டருக்கு வருவது எளிது. 1959-இல் ஆங்கில அளவைகளைக் கையாண்ட நாடுகள் ஒன்றுகூடி ஒப்புக்கொண்டதன்படி ஓர் அங்குலம் என்பது சரியாக 2.54 சென்டிமீட்டர். அதை மும்மடி பெருக்கினால் ஒரு கன அங்குலம் 16.387064 மில்லி லிட்டர். அதை 231-ஆல் பெருக்கினால் 3785.411784 மில்லி லிட்டர். இது அளந்து பெற்ற எண்ணன்று, வரையறையிலிருந்து வருவது. ஆகவே அந்தக் கடைசி 4-க்குப் பின் வேறு இலக்கம் கிடையாது.

கேள்வி: அமெரிக்க முறைச் சமையல் குறிப்பில் 8 அவுன்ஸ் மாவு என்று இருந்தது. ஒரு கப் என்பது 8 அவுன்ஸ் என்று படித்ததால் ஒரு கப் மாவைப் போட்டேன். கேக் கூழாகிவிட்டது. என் தவறு என்ன?

பதில்: தங்களிடம் தவறில்லை, அவுன்ஸ் என்ற சொல்லிடம்தான் தவறு. அவுன்ஸ் இரண்டு வகை. ஒன்று முகத்தலளவை, அதாவது திரவ அவுன்ஸ், அது 29.57 மில்லி லிட்டர் இடத்தைக் குறிக்கும். மற்றொன்று நிறுத்தலளவை, அது 28.35 கிராம் எடையைக் குறிக்கும். ஒரு கப் என்பது 8 திரவ அவுன்ஸ் என்பது உண்மை. ஆனால் மாவுக்குச் சொல்லப்படும் 8 அவுன்ஸ் பெரும்பாலும் எடை, அதாவது 227 கிராம். தாங்கள் போட்ட ஒரு கப் மாவு 125 கிராம் அளவில்தான் இருந்திருக்கும். குறிப்பு கேட்டதில் ஏறத்தாழ பாதி மாவே உள்ளே போயிருக்கிறது. கூழாகாமல் என்ன செய்யும்?

நீரிலும் பாலிலும் இந்த வேறுபாடு கண்ணில் படாது, ஏனெனில் ஒரு திரவ அவுன்ஸ் நீரின் எடை ஓர் அவுன்சுக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த நெருக்கம்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஒரே கப்பில் சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம், வெண்ணெய் 227 கிராம், தேன் 340 கிராம் கொள்ளும். கப்பிலிருந்து மில்லி லிட்டருக்கு மாற்ற ஒரே எண் போதும். கப்பிலிருந்து கிராமுக்கு மாற்றப் பொருளுக்கொரு எண் வேண்டும். "ஒரு கப் என்பது இத்தனை கிராம்" என்று பொருளின் பெயரைச் சொல்லாமல் எழுதிய வாய்பாடு எங்கே கண்ணில் பட்டாலும் அதை நம்ப வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

மாவில் இன்னொரு சங்கடமும் உண்டு. தங்கள் கடிதம் வந்த அன்று மாலை, வீட்டுத் தராசில் ஒரே கப்பை இருமுறை நிறுத்துப் பார்த்தேன். மாவைக் கரண்டியால் தளர்வாக அள்ளிக் கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் மேற்பரப்பை வழித்துவிட்டபோது 122 கிராம். அதே கப்பை மாவுப் பைக்குள் நேராக விட்டு, அழுத்தி முகந்து வழித்தபோது 149 கிராம். அளவுப் பாத்திரமும் மாறவில்லை, மாவும் மாறவில்லை. கை மட்டும் மாறியது. ஆகவே மாவுக்கு எடைதான் நம்பிக்கையானது. குறிப்பு எழுதியவர் கப்பில் சொல்லியிருந்தால், ஒரு கப்புக்கு 125 கிராம் என்று ஒருமுறை முடிவு செய்துகொண்டு எப்போதும் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: கப் என்பது 237 மில்லி லிட்டரா, 240-ஆ, 250-ஆ? ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்று போட்டிருக்கிறார்கள்.

பதில்: கேலனைப் பதினாறாகப் பிரித்து வருவது அமெரிக்க வழக்கக் கப், அது 236.6, முழுமையாக்கினால் 237. உணவுப் பொட்டலங்களின் ஊட்டச்சத்துப் பட்டியலுக்காக அமெரிக்க விதிகள் கப்பை 240, திரவ அவுன்சை 30, மேசைக்கரண்டியை 15, தேக்கரண்டியை 5 மில்லி லிட்டர் என்று முழு எண்களாக்கி வைத்திருக்கின்றன. 250 என்பது ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் மெட்ரிக் கப். ஜப்பானியக் கப் 200. ஒரு குறிப்பை முழுவதும் ஒரே கப்பால் அளந்தால், அது 237 ஆனாலும் 250 ஆனாலும், கப்பில் சொன்ன பொருள்களின் விகிதம் கெடாது. கெடுவது, ஒரு பொருளைக் கப்பிலும் இன்னொன்றைக் கிராமிலும் முட்டையை எண்ணிக்கையிலும் சொல்லும்போதுதான்.

மேசைக்கரண்டியிலும் ஒரு பொறி இருக்கிறது: பிற நாடுகளில் அது 15 மில்லி லிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20, நான்கு தேக்கரண்டி. உப்பிலும் சமையல் சோடாவிலும் இது நாக்குக்குத் தெரியும்.

கேள்வி: குழந்தைக்குரிய இருமல் மருந்தின் சீட்டில் "ஒன்றரைத் தேக்கரண்டி" என்று இருக்கிறது. வீட்டிலுள்ள தேக்கரண்டியால் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அளவையில் தேக்கரண்டி என்பது 5 மில்லி லிட்டர். ஆகவே ஒன்றரை என்பது 7.5 மில்லி லிட்டர். வீட்டுக் கரண்டி அளவைக் கருவியன்று; அதைச் செய்தவர் அதன் அழகைத்தான் பார்த்தார், கொள்ளளவைப் பார்க்கவில்லை. மருந்துடன் வரும் சிறு கிண்ணத்திலோ, ஊசியில்லாத பீற்றுக்குழலிலோ மில்லி லிட்டர்க் கோட்டைப் பார்த்து அளந்து கொடுங்கள். கிண்ணத்தைக் கையில் உயர்த்திப் பிடிக்காமல் சமமான இடத்தில் வைத்து, கண்ணை மருந்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் படியுங்கள்.

தேக்கரண்டியையும் மேசைக்கரண்டியையும் மாற்றிப் படித்துவிட்டால் மருந்து மூன்று மடங்காகிவிடும். அமெரிக்கச் சுருக்கக் குறியீடுகளில் இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபாடு. இந்த அபாயத்தை எண்ணித்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2015-இல், வாய்வழித் திரவ மருந்துகளின் அளவை மில்லி லிட்டரில் மட்டுமே குறிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தங்கள் சீட்டில் கரண்டிக் கணக்கு மட்டுமே இருந்தால், மருந்தாளுநரிடம் மில்லி லிட்டரில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியின் நீளம் 4 அடி, அகலம் 3 அடி, உயரம் இரண்டரை அடி. பெருக்கினால் 30 வருகிறது. ஓர் அடி 0.3048 மீட்டர் என்பதால் 30-ஐ 0.3048-ஆல் பெருக்கி 9.144 கன மீட்டர், அதாவது 9,144 லிட்டர் என்று கண்டேன். என் தம்பி சிரிக்கிறான்.

பதில்: தம்பி சிரித்ததை மன்னித்துவிடுங்கள், இந்தத் தவற்றைப் பட்டம் பெற்ற பொறியாளர்கள் செய்தும் பார்த்திருக்கிறேன். 0.3048 என்பது நீளத்தை மாற்றும் எண். தாங்கள் மாற்ற வேண்டியதோ கன அளவு; நீளம், அகலம், உயரம் மூன்றும் மீட்டராக வேண்டும் என்பதால் அந்த எண்ணை மூன்று முறை பெருக்க வேண்டும். 0.3048-ஐ மும்மடியாக்கினால் 0.028317. ஆகவே ஒரு கன அடி 28.317 லிட்டர், 30 கன அடி ஏறத்தாழ 850 லிட்டர். அமெரிக்கக் கேலனில் வேண்டுமானால் ஒரு கன அடிக்கு 7.48 என்று வைத்து, 224 கேலன். விடை சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி: ஒரு கன மீட்டரில் 35 கன அடிக்குச் சற்று மேல் அடங்கும், 30 கன அடி அதைவிடக் குறைவு, அப்படியானால் விடை 1,000 லிட்டரைத் தாண்டவே முடியாது.

கணக்கைவிடப் பெரிய பிழை அளவெடுப்பதில் நேரும். தாங்கள் சொன்ன நீள அகலங்கள் தொட்டியின் உட்புறமா, வெளிப்புறமா? சுவர் மூன்று அங்குலக் கனம் என்று கொள்வோம். உள்ளே 4 அடிக்கு 3 அடியுள்ள தொட்டி வெளியே நாலரை அடிக்கு மூன்றரை அடியாக இருக்கும். வெளியளவில் பெருக்கினால் 30-க்குப் பதிலாக 39.4 கன அடி வரும். உண்மையில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலான நீர் காகிதத்தில் மட்டும் இருக்கும். உயரத்தையும் விளிம்புவரை எடுக்காமல், நீர் வழிந்து வெளியேறும் குழாயின் மட்டம்வரை எடுங்கள்.

கேள்வி: பழக்கூடையில் "உலர் பைன்ட்" என்று ஓர் அளவை எழுதியிருந்தது. பைன்டில் ஈரமென்ன, உலர்வென்ன?

பதில்: மேலே சொன்ன தானியக் கேலனின் எச்சம் அது. அமெரிக்காவில் தானியத்தையும் பழத்தையும் அளக்கும் உலர் அளவைகள் 2,150.42 கன அங்குலமுள்ள புஷலிலிருந்து வருகின்றன, அது 35.24 லிட்டர். அதில் 64-இல் ஒன்று உலர் பைன்ட், 551 மில்லி லிட்டர். திரவப் பைன்ட் 473. சமையற்கட்டு மாவுக்கும் சர்க்கரைக்கும் உலர் பைன்ட் பொருந்தாது; அங்கே கப் என்றால் திரவ வழியில் வந்த கப்தான்.

கேள்வி: லிட்டரைக் கிலோவாக மாற்றுவதில் விமானம் ஒன்று விழ இருந்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா, கதையா?

பதில்: உண்மை. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் போகும் வழியில், 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த விமானம் அந்நிறுவனத்தின் புதிய, கிலோகிராமில் கணக்கிடும் வகையைச் சேர்ந்தது. எரிபொருளளவைக் காட்டும் கருவி பழுதாகியிருந்ததால், தொட்டிக்குள் அளவுகோல் விட்டுப் பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். லிட்டரை எடையாக்க அவர்கள் பயன்படுத்திய எண் 1.77.

இந்த 1.77-ஐச் சற்று நெருங்கிப் பாருங்கள். அது பொய்யான எண்ணன்று. ஒரு லிட்டர் எரிபொருளின் எடை 1.77 பவுண்டு. கிலோகிராமில் என்றால் 0.8 அளவில் வரும். அவர்கள் 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கி 13,597 என்று கண்டு, அதைக் கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டார்கள், அது பவுண்டு. இன்னும் 8,703 தேவை என்று கழித்து, மீண்டும் 1.77-ஆல் வகுத்து, 4,917 லிட்டர் நிரப்பினால் போதும் என்று முடிவு செய்தார்கள். உண்மையில் நிரப்ப வேண்டியிருந்தது 20,000 லிட்டருக்கும் மேல். கிளம்பியபோது தொட்டியில் இருந்தது தேவையில் பாதிக்கும் குறைவு. பெருக்கலில் பிழையில்லை, வகுத்தலில் பிழையில்லை. எண்ணின் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய பெயர்தான் எழுதப்படவில்லை. எஞ்சினில்லாமல் சறுக்கிவந்த அந்த விமானத்தை, மனிடோபா மாகாணத்தில் கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானப்படை ஓடுதளத்தில் விமானிகள் இறக்கிவிட்டார்கள், உயிரிழப்பு இல்லை. அந்த ஓடுதளம் அப்போது கார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டுவந்தது.

மாணவர்களுக்கு நான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போது, 1.77-க்குப் பக்கத்தில் "பவுண்டு / லிட்டர்" என்று எழுதச் சொல்வேன். எழுதியவுடனேயே லிட்டருடன் லிட்டர் அடிபட்டுப் பவுண்டு மட்டும் எஞ்சுவது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

கேள்வி: ஒரு கார் கேலனுக்கு 30 மைல் ஓடும் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

பதில்: மறுபடியும் அதே கேள்வி: எந்தக் கேலன்? அமெரிக்கக் கேலனானால் 30-ஐ 0.425-ஆல் பெருக்குங்கள், லிட்டருக்கு 12.75 கிலோமீட்டர். இம்பீரியல் கேலனானால் 0.354-ஆல் பெருக்குங்கள், 10.62 கிலோமீட்டர். பிரிட்டிஷ் இதழொன்றில் 36 மைல் தருவதாகப் புகழப்படும் காரும், அமெரிக்க இதழில் 30 மைல் தருவதாகச் சலித்துக்கொள்ளப்படும் காரும் ஏறத்தாழ ஒரே சிக்கனமுள்ளவை.

ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகச் சொல்வார்கள். அதற்கு 235.2-ஐ அமெரிக்க மைல் கணக்கால் வகுக்க வேண்டும். 30 மைலுக்கு 7.84 லிட்டர். எனக்கு இந்த முறையே பிடித்தம், ஏனெனில் செலவை அது நேராகக் காட்டுகிறது. கேலனுக்கு 10 மைல் தந்த வண்டியை மாற்றி 20 மைல் தரும் வண்டியை வாங்கினால் 100 கிலோமீட்டருக்கு 11.8 லிட்டர் மிச்சம். 40 மைல் வண்டியை மாற்றி 50 மைல் வண்டியை வாங்கினால் மிச்சம் 1.2 லிட்டர்தான். மைல் கணக்கில் இரண்டிலும் ஏறியது அதே பத்து.

கேள்வி: செய்திகளில் வரும் கச்சா எண்ணெய்ப் பீப்பாய் எத்தனை லிட்டர்?

பதில்: 42 அமெரிக்கக் கேலன், 158.987 லிட்டர். பேச்சுக்கு 159. சாலையோரத்தில் காணும் இரும்புப் பீப்பாய் 55 கேலன், அதாவது 208 லிட்டர், அது வேறு. எண்ணெய் சூட்டில் விரிவதால் இந்த வணிகத்தில் அமெரிக்கர்கள் 60 பாரன்ஹீட் வெப்பநிலைக்குக் கணக்கைச் சரிசெய்துகொள்வார்கள். பெட்ரோலில் இந்த விரிவு ஒரு செல்சியசுக்கு ஆயிரத்தில் ஒன்று அளவில் இருக்கும். ஆயிரம் லிட்டர் இருபது பாகை சூடேறினால் ஏறத்தாழ 1,019 லிட்டராகிவிடும், ஒரு துளியும் யாரும் ஊற்றாமலே.

கேள்வி: நான் அரை கப் எண்ணெய் என்பதை 118.29411825 மில்லி லிட்டர் என்று மாற்றி எழுதினேன். ஆசிரியை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். துல்லியத்துக்குத் தண்டனையா?

பதில்: தம்பி, உன் பெருக்கல் சரி, உன் ஆசிரியையும் சரி. அரை கப் என்று எழுதியவர் எந்த நுணுக்கத்தில் அளந்தாரோ அந்த நுணுக்கத்தில்தான் விடையும் இருக்க வேண்டும். கப்பின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ நாலைந்து மில்லி லிட்டர் மாறிவிடும். அப்படியிருக்க நீ எண்ணெயை மில்லி லிட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்குவரை அறிந்தவன்போல் எழுதியிருக்கிறாய். "120 மில்லி லிட்டர்" என்று எழுது. ஆய்வுக்கூடத்தில் அளவிட்ட குடுவையால் அளந்திருந்தால் "118.3" என்று எழுது. கணக்கின் நடுவில் எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொள்வது நல்லது. கடைசி வரியில் மட்டும் முழுமையாக்க வேண்டும்.

நூலில் சிக்கிய ஒரு தூசியை உனக்குக் காட்டுகிறேன். 1901 முதல் 1964 வரை லிட்டர் என்பது ஒரு கிலோகிராம் நீரின் கன அளவு என்று வரையறுக்கப்பட்டிருந்ததால், அது 1,000 கன சென்டிமீட்டராக இல்லாமல் 1,000.028 ஆக இருந்தது. 1964-இல் அந்த வரையறையைக் கைவிட்டு, சரியாக 1,000 என்றாக்கினார்கள். அந்த 0.028 உலகத்தின் எந்தச் சமையற்கட்டிலும் யாருக்கும் தெரிந்ததில்லை.

கேள்வி: தாளும் கைபேசியும் இல்லாதபோது மனத்தில் மாற்ற வழியுண்டா?

பதில்: உண்டு. அமெரிக்கக் கேலனை லிட்டராக்க, நான்கால் பெருக்கி இருபதில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 15 கேலன் என்றால் 60, அதில் 3 போக 57, சரியான விடை 56.8. லிட்டரைக் கேலனாக்க, நான்கால் வகுத்து இருபதில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். குவார்ட், அதாவது கால் கேலன், என்றால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 946 மில்லி லிட்டர். கடைகண்ணிக்குப் போகும்போது இரண்டையும் ஒன்றென்றே வைத்துக்கொள்ளலாம். திரவ அவுன்சை முப்பதால் பெருக்கினால் மில்லி லிட்டர். ஒன்றரை விழுக்காடு கூடுதலாக வரும். மருந்துக்கும் விமானத்துக்கும் இந்த வழி ஆகாது.

கேள்வி: தண்ணீர் பாட்டிலில் 16.9 அவுன்ஸ் என்று ஏன் இப்படி அரைகுறையாகப் போடுகிறார்கள்? குளிர்பானக் குவளையில் 355 மில்லி லிட்டர் என்று இருக்கிறது.

பதில்: இரண்டு எண்களில் எது முழுமையாக இருக்கிறது என்று பாருங்கள்; பொருள் எந்த அளவை முறையில் பிறந்தது என்பது தெரிந்துவிடும். 16.9 அவுன்சின் மறுபக்கம் 500 மில்லி லிட்டர். அந்தப் பாட்டில் மெட்ரிக்கில் பிறந்தது. 355 மில்லி லிட்டரின் மறுபக்கம் 12 அவுன்ஸ். அந்தக் குவளை அமெரிக்க அளவையில் பிறந்தது. 591 மில்லி லிட்டர் என்று கண்டால் அது 20 அவுன்ஸ். 67.6 அவுன்ஸ் என்று கண்டால் அது இரண்டு லிட்டர். மதுப் புட்டியில் இது இன்னும் சுவையானது: அமெரிக்கர்கள் முன்பு கேலனில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 757 மில்லி லிட்டரை, ஒரு புட்டியாக விற்றார்கள், 1980 முதல் அது மெட்ரிக்குக்கு மாறி 750 ஆனது. குடிப்பவர்கள் அதை இன்றும் "ஐந்திலொன்று" என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஏழு மில்லி லிட்டர் குறைந்தது குறித்து எனக்கு இதுவரை கடிதம் எதுவும் வரவில்லை.